இரண்டும் வலது

அந்தச் சிலந்தியின் இடது கை, இடது கையாக இல்லை.

ஜாஸ்பின் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். நாற்பத்தாறு வயதாகிறது, வெள்ளெழுத்து வந்தாயிற்று. சாயங்காலம் ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு மிளகளவு பூச்சியின் கடுகளவு கையைப் பார்த்தால் யாருக்கும் கண் கிறங்கத்தான் செய்யும். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். திருத்தங்கலில் அவள் தெருவுக்குப் பின்னால் இரண்டு அச்சாபீஸ்கள். காலண்டர் சீசன் என்பதால் இயந்திரம் ஓயாமல் தடதடத்தது, மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் ஜன்னல் வழியே வந்து திரைச்சீலையில் ஊறிக் கிடந்தது, தூரத்தில் யாரோ சாம்பிள் வெடியை ஒவ்வொன்றாக வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் தானாகக் குறுகி, தானாக இறங்கியது. ஐந்து மாதமாக அப்படித்தான்.

மறுபடியும் குனிந்து பார்த்தாள். அதே கோளாறுதான்.

விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் விலங்கியல் பேராசிரியை, தெருவுக்கு டீச்சர். இருபது வருடமாகச் சிலந்திதான் அவள் படிப்பு. சிலந்தியில் எது எந்த இனம் என்று நிறத்தையும் கோட்டையும் பார்த்துச் சொல்கிறவர்கள் நன்றாக ஏமாந்துபோவார்கள். அச்சில் வார்த்தது போல இரண்டு சிலந்திகள் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்; இரண்டும் வேறு வேறு இனமாக இருக்கும். ஆணைப் பிடித்தால்தான் உண்மை தெரியும். அதன் முகத்துக்கு முன்னால், எட்டுக் காலிலும் சேராமல், இரண்டு குட்டைக் கைகள் உண்டு. கடைசித் தோலை உரிக்கும்வரை அவை மூடிய மொட்டு. உரித்த பிறகு நுனி விரிந்து, மடிப்பும் கொக்கியும் ஊசியுமாகத் திறந்துகொள்ளும். ஆண் தன் விந்தை ஒரு துளியாக வலையில் விட்டு, அதை இந்தக் கைகளில் உறிஞ்சிக்கொண்டு பெண்ணைத் தேடிக் கிளம்பும். அதன் பிறகு அதற்கு வீடு இல்லை, சாப்பாட்டிலும் பெரிய ஆசை இல்லை. நடைதான். எந்தக் கை எந்தப் பெண்ணுக்குப் பொருந்தும் என்பது அந்த மடிப்பிலேயே எழுதியிருக்கும். இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடியுங்கள், அப்புறம் எழுதுங்கள் என்பாள்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. படம் வரைவது எப்போதும் இடது கையைத்தான். உலகத்தில் யார் எங்கே வரைந்தாலும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும் என்று வந்த பழக்கம். இடது கை ஒடிந்துபோன சிலந்தி கிடைத்தால், வலது கையைப் பார்த்து, அதைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப்போட்டு, இடது கையாக வரைவார்கள். ஜாஸ்பினுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கண் வலதைப் பார்க்கும், விரல் இடதை வரையும். நடுவில் மூளையிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சிலந்திக்கு இரண்டு கையும் இருந்தது. வலது கையில் கொக்கி வலப்பக்கம் வளைந்திருந்தது, சரி. இடது கையில் அது எதிர்ப்பக்கம் வளைய வேண்டும். வளையவில்லை. இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததும் ஒரு வலது கைதான். இப்படி ஒன்றை அவள் பார்த்ததும் இல்லை, படித்ததும் இல்லை.

அன்று காலை ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, சாலமன்ராஜ் என்று பெயர் வெட்டிய கல்லின் மேல் அது உட்கார்ந்திருந்தது. புருஷன் கல்லறையில் பூ வைக்கப் போன இடத்திலும் பூச்சியைப் பிடித்து மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு வருகிறாளே என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவர் இருந்திருந்தால் அவரே டப்பாவைத் திறந்து நீட்டியிருப்பார்.

அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சித்திரையில், எம். புதுப்பட்டிக்கு அப்பால், மருந்து கலக்கும் அறை ஒன்று வெடித்தது. ஆறு பேர். நாலு பேருக்கு உடம்பு இருந்தது. உள்ளேயே நின்ற இரண்டு பேருக்கு இல்லை. ஒருவர் சாலமன்ராஜ். இன்னொருவர் அவரோடு பதினோரு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்த ராக்கப்பன். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரே ஒரு கை.

ஆஸ்பத்திரியில் அன்று ஜெமிமா டியூட்டியில் இருந்தாள். நர்ஸ், கோயிலில் ஜாஸ்பினோடு பாடகர் குழுவில் நிற்கிறவள். பிணவறை வாசலில் கூட்டம் முட்டியது. பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வர எத்தனை நாளாகுமோ, குடும்பத்தில் யாராவது அடையாளம் சொன்னால் இன்றைக்கே கொடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். டீச்சரைக் கூப்பிடுங்கள், அவுகளுக்கு இதுதானே வேலை, மயிரளவு வித்தியாசத்தை வைத்துப் பூச்சிக்கே பேர் சொல்கிறவுக என்று இன்னொருவர் சொன்னார். அது அவளுக்குக் கேட்டது. அந்த நிமிடத்திலும், அந்த நாற்றத்திலும், மனசுக்குள் ஏதோ ஒரு மூலை நிமிர்ந்து உட்கார்ந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளைத் துணி விரித்த தட்டில் கை இருந்தது. கருகி, வீங்கி, உள்ளங்கை எது புறங்கை எது என்று சட்டென்று தெரியாமல். சுண்டுவிரல் வளைந்திருந்தது. நடுக் கணுவில் ஒரு முண்டு, அதற்கு மேல் வெளிப்பக்கமாக ஒரு கோணல். அவளுக்கு அது போதும். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. இவருதான் என்றாள். கையெழுத்துப் போட்டாள். தலை நிமிர்ந்து வெளியே வந்த பிறகுதான் அழுதாள்.

வெளியே படியில் ராக்கப்பன் பெண்டாட்டி மாரித்தாய் உட்கார்ந்திருந்தாள். தனக்கும் ஒரு தடவை காட்டச் சொல்லும்படி ஜாஸ்பினின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அதற்குள் பெட்டியை மூடியாகிவிட்டது. அடக்கத்தன்று ஆறடிப் பெட்டிக்குள் ஒரு கைதான் இருந்தது. தூக்கிய நாலு பேரும், அவள் பார்க்கிறாளே என்று, கனக்கிற மாதிரி நடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை குளியலறைச் சுவரில் ஒரு பெரிய எட்டுக்கால் பூச்சி. வேறு இனம், ஆண். பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு, மேசையில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் வலது. அரிசிப் பானைக்குப் பின்னால் இன்னொன்று. குதிக்கிற இனம், நகத்தளவு. அதுவும் அப்படியே. கல்லூரிக்கு எடுத்துப்போய் அங்கிருக்கிற நல்ல மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். போட்டோ எடுத்துப் பார்த்தாள். பென்சிலை எடுத்து வரையப் பார்த்தாள். இருபது வருடமாகத் தடுமாறாத விரல், பாதியில் நின்றுவிட்டது. மூன்று இனம், மூன்று சிலந்தி, ஆறு வலது கை. ஏதோ மருந்து, ஏதோ கந்தகத் தூசி, மண்ணில் இறங்கி முட்டையில் ஏறியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவளாலேயே அதை நம்ப முடியவில்லை.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் இன்னொரு ஆணை உயிரோடு பிடித்தாள். தரையில் ஓடுகிற இனம். கொல்ல மனம் வராமல் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் துணியைக் கட்டி மேசையில் வைத்தாள். சிலவற்றில் ஆண் தன் முன்கையால் தரையைத் தட்டிப் பெண்ணைக் கூப்பிடும். இனத்துக்கு ஒரு தாளம், தன் ஆளின் தட்டலுக்கு மட்டும்தான் பெண் அசையும். அவள் சமையலறையில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு நின்றபோது பாட்டிலில் தட்டுகிற சத்தம் கேட்டது. டக் டக் டக். கொஞ்சம் இடைவெளி. டக் டக். இவ்வளவு பெரிய சத்தம் அதற்கு ஏது என்று தோன்றியபோது தோசை கருகத் தொடங்கியிருந்தது. வந்து பார்த்தால் சிலந்தி பாட்டிலின் அடியில் கால்களை மடக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. சத்தம் நிற்கவில்லை. படுக்கையறைப் பக்கத்திலிருந்து வந்தது.

பீரோவின் தகரம் வெயிலுக்கு விரிந்து, சாயங்காலம் சுருங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். அன்று கூடத்தில்தான் படுத்தாள்.

புதன்கிழமை கல்லூரியிலிருந்து வந்து இறங்கியபோது மாரித்தாய் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். இது மூன்றாவது தடவை. உள்ளே வரச் சொன்னால் வருவதில்லை. கம்பெனிக் காகிதத்தில் ராக்கப்பன் 'காணவில்லை'. செத்தார் என்று சொல்ல ஆள் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை. நெற்றியில் பொட்டு வைத்தால் மாமியார் திட்டுகிறாள், வைக்காவிட்டால் சின்னப் பிள்ளை அழுகிறதாம், அப்பா வந்தா கோவிப்பாக என்று. பாதி அழிந்த பொட்டோடு நின்றிருந்தாள். இருந்தாலும் ஜாஸ்பினுக்கு எரிச்சல்தான் வந்தது. செத்தவரைப் புதைத்துவிட்டு ஒருத்தி பேசாமல் இருக்கவும் விடமாட்டார்களா என்று வந்தது.

மாரித்தாய் மெதுவாகத்தான் பேசினாள்.

"நான் சண்டைக்கு வரல டீச்சர். அவுகளுக்கு வலது கைச் சுண்டுவிரலு வளைஞ்சிருக்கும். நீங்க பாத்தது அது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் போயிருதேன்."

"நான் பாத்தது எங்க வீட்டுக்காரர் கை, மாரித்தாய். எனக்குத் தெரியாதா?"

மாரித்தாய் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். படித்தவர்கள் சொன்னால் நம்புகிற முகம் அது. பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்துபோனாள். கேட்டைச் சாத்தித் திரும்பிய பிறகுதான் ஜாஸ்பினுக்கு அந்தப் பேச்சு மறுபடியும் காதில் விழுந்தது. வலது கைச் சுண்டுவிரல்.

சாலமன்ராஜின் விரல் வளைந்த கதை அவளுக்குத் தெரியும். ஆறேழு வருடத்துக்கு முந்தி, அவரும் ராக்கப்பனும் எதிரெதிரே நின்று ஓர் இரும்பு டிரம்மை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நுழைந்தபோது, நிலைக்கல்லில் ஒரு பக்கம் இடித்து நசுக்கியது. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு சுண்டுவிரல். ஒரே வைத்தியரிடம் போய் ஒரே மாதிரிக் கட்டுப் போட்டு, ஒரே மாதிரிக் கோணலாகச் சேர்ந்தது. "கூட்டாளின்னா இப்படியில்ல இருக்கணும், சாமி ஆளுக்கு ஒண்ணா பங்கு வச்சுட்டாரு" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார். எந்தக் கை என்று அவள் கேட்டதில்லை. தினமும் பார்க்கிற கைக்கு அதையெல்லாமா கேட்பார்கள்?

படுக்கையறைக்குள் போனாள். மூடிக் கிடந்த அறையில் ஈர மண் வாசம் அடித்தது. தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கண்ணாடிக்குள் ஒருத்தி எதிரே நின்று குடத்தை ஏந்திக்கொண்டிருந்தாள். ஜாஸ்பின் தன் இடது சுண்டுவிரலை அசைத்தாள். அதே பக்கத்தில் எதிரே நின்றவளின் விரலும் அசைந்தது. அந்தப் பக்கம் ஓர் ஆள் நிஜமாகவே நின்றால், அது அந்த ஆளின் வலது கை. நிலைக்கல் ஒரு பக்கம்தான் இடித்தது. ஒருவருக்கு இடது என்றால் மற்றவருக்கு வலது.

அவருக்கு எது?

பைக். பின்னால் உட்கார்ந்து எத்தனை நாள் போயிருக்கிறாள். ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலைக்குப் போகிற ரோட்டில், சுண்ணாம்புத் தூசி படிந்த வேலிக்காத்தானில் சிலந்தி தேட அவர்தான் கூட்டிக்கொண்டு போவார். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் ஹேண்டில்பாரில் நாலு விரல் மடங்கியிருக்கும், ஐந்தாவது மட்டும் மடங்காமல் துருத்திக்கொண்டிருக்கும். கிளட்ச் பிடித்த கை. கிளட்ச் இடது பக்கம்.

குடத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் கொஞ்சம் தளும்பிக் காலில் விழுந்தது.

வியாழக்கிழமை ஜெமிமாவுக்குப் போன் போட்டாள். சாப்பிட்டீகளா, காலேஜ் உண்டா என்றெல்லாம் அவள் விசாரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அன்றைக்கு ரிஜிஸ்டரில் என்ன எழுதினார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அரைமணி கழித்து ஜெமிமாவே கூப்பிட்டாள்.

"வலது கைன்னு போட்டிருக்குக்கா. கீழ உங்க கையெழுத்துத்தான். ஏங்க்கா?"

ஒன்றுமில்லை என்று போனை வைத்தாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் சறுக்கியது தன் படிப்பிலேயே. தட்டில் இருந்தது வலது கை. இருபது வருடப் பழக்கம் அதைத் திருப்பி இடது கையாகக் காட்டியது. மூளையிடம் யாரும் கேட்கவில்லை. நாலு மில்லிமீட்டர் சிலந்தியில் ஒரு மடிப்பு மாறினால் கண்டுபிடிக்கிறவள், பதினெட்டு வருடம் தன் தலைமாட்டில் கிடந்த கையை இடமா வலமா என்று பார்க்கவில்லை. ராக்கப்பன் கைக்கு சாலமன்ராஜ் என்று பேர் வைத்து, ஜெபம் பண்ணி, கல் நட்டு, வாரம் தவறாமல் பூ வைத்துக்கொண்டிருக்கிறாள். மாரித்தாயிடம் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தைதான். அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா எங்கே என்று தெரியும். அவள் பொட்டை அழித்துவிட்டு ஒரேயடியாக அழுது முடிப்பாள்.

சொல்லிவிட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்றும் ஜாஸ்பின் யோசித்தாள். கல்லறை மாரித்தாய்க்குப் போகும். கை போகும். சாலமன்ராஜுக்கு ஒரு நகம்கூட மிஞ்சாது. அவர் புகையாகப் போனார், அம்புட்டுதான். ஞாயிற்றுக்கிழமை பூவை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? காற்றிலா? இரண்டாம் தடவை அவரைச் சாகக் கொடுக்க அவளால் முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரத்தில், முடிவு பண்ணினாள். சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது என்னோடு போகட்டும். இப்படி ஒரு பாவத்தைத் தெரிந்தே செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது; மேசையில் தலையைக் கவிழ்த்து, சத்தம் வராமல் அழுதாள்.

அன்று சாயங்காலம் புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று. அச்சாபீஸ் இயந்திரம் நின்றது. வெடிச்சத்தமும் இல்லை. ஊரே வாயை மூடிக்கொண்டது போல ஓர் அமைதி. அதற்குள் கூரைத் தண்ணீர் சிமெண்ட் தொட்டியில் விழுகிற சத்தம், எங்கோ ஒரு தவளை, நனைந்த காகிதக் கட்டுகளின் புளித்த வாசம். ஜாஸ்பின் கூடத்தில், வாசற்கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

படுக்கையறையில் ஏதோ விழுந்தது. பெரிய பொருள் இல்லை. ஈரத்துணி விழுகிற சத்தம்.

அப்புறம் தரையில் ஒரு நடை. காலடி இல்லை. நகம் படுகிற சத்தம். சிமெண்ட் தரையில் நாலைந்து நகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டு, நின்று, இழுபட்டு, மறுபடியும் பட்டு. சுவரோரமாக வந்தது. அந்த ஈர மண் வாசமும் கூடவே வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம், அவளுக்குத் தெரிந்தது, பிணவறையில் வெள்ளைத் துணியிலிருந்து வந்தது. அவள் போனைத் திருப்பி வெளிச்சம் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. கவிழ்த்து வைத்தாள்.

கேட் திறந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

"டீச்சர்." மாரித்தாயின் குரல் மழையில் நடுங்கியது. "டீச்சர், இருக்கீகளா? ரெண்டு நாளா மனசு கேக்கல. ஒரே ஒரு தடவ சத்தியம் பண்ணிச் சொல்லிருங்க."

சுவரோரமாக வந்தது நின்றது.

பிறகு ஓடியது. அவ்வளவு வேகம் அதற்கு இருக்கும் என்று ஜாஸ்பின் நினைக்கவில்லை. அவள் முழங்காலை உரசிக்கொண்டு போய்க் கதவில் மோதியது. பலகையில் ஏறப் பார்த்துச் சரிந்தது. மறுபடியும் ஏறியது. நகத்தால் தட்டியது.

டக் டக் டக். டக் டக்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு மாரித்தாய், வெளியிலிருந்து, தன் நகத்தால், அதே மாதிரி தட்டினாள். மூன்று. இரண்டு. உள்ளே இருந்தது துடித்துக்கொண்டு பதில் தட்டியது.

"உள்ள யாரு டீச்சர்?" அவள் குரல் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு வந்தது. "எங்க வீட்டுக்காரரு ஷிப்ட் முடிஞ்சு வந்தா இப்படித்தான் தட்டுவாக. கைப்பிள்ள முளிச்சுருமேன்னு, நகத்தால. டீச்சர், கதவத் திறங்க. உள்ள யாரு?"

தாழ்ப்பாள் ஜாஸ்பினின் தலைக்கு ஒரு சாண் மேலே. கையை நீட்டினால் போதும். நீட்டினாள். இரும்பு சில்லென்று விரலில் பட்டது. திறந்தால் அது போய்விடும். அவள் வீட்டை விட்டு, கல்லறையை விட்டு, அந்தப் பேரை விட்டுப் போய்விடும். அதன் பிறகு இந்த வீட்டில் யாரும் இல்லை. எந்த மூலையிலும் இல்லை. சாலமன்ராஜ் ஒரு தடவைகூட வந்து தட்டவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கையை இறக்கினாள்.

"எங்க வீட்டுக்காரரு," என்றாள்.

தட்டல் நின்றது.

வெளியேயும். உள்ளேயும்.

இருட்டு. மழை. கதவிலிருந்து அது மெதுவாகச் சரிந்து இறங்கியது. தரையில் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. யோசிக்கிற மாதிரி. பிறகு திரும்பியது. அவள் பக்கம்.

பாதம். கணுக்கால். சேலை மடிப்பு. ஈரமாக, கனமாக, அவசரமில்லாமல். மடியில் நின்று இளைப்பாறியது. நெஞ்சுக்குழி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தினால் மாரித்தாய்க்குக் கேட்கும். கத்தவில்லை. தொண்டை. விரல்கள் கழுத்தைச் சுற்றித் தடவின. நெரிக்கவில்லை. கோணல் சுண்டுவிரல் வலது காதுக்குக் கீழே வந்து பட்டது.

விரல் இடுக்கில் எதுவோ இருந்தது. மண் ஒட்டிய கயிறு. கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. பெட்டியை மூடும் முன்னால் அவள் தன் கழுத்திலிருந்து கழற்றி, அந்தக் கருகிய விரல்களுக்குள் வைத்து மடக்கிவிட்ட தாலி.

அது கயிற்றை அவள் கழுத்தைச் சுற்றி இழுத்தது. பொறுமையாக. நழுவியது. மறுபடியும் இழுத்தது. வெளியே மாரித்தாய் நிலைப்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கியிருந்தாள். ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது. அது இறங்கி வந்து ஜாஸ்பினின் இடது கையைத் தேடிப் பிடித்தது, கழுத்துக்குத் தூக்கியது, கயிற்றின் மறு நுனியை அதில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது.